வலது பத்தி

முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுப்பாள். நீளவாக்கில் இரண்டாக மடிப்பாள். மடித்த விளிம்பை ஆள்காட்டி விரலால் ஒருமுறை நீவிவிட்டு, ஸ்டேப்ளரைக் கவிழ்த்து அதன் முதுகால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுப்பாள். பிரித்தால் நடுவே கத்தி வைத்ததுபோல ஒரு கோடு நிற்கும். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு அவளுக்கு ஆகாது. "போட்ட கோடுன்னா யாரோ போட்டதுன்னு தெரிஞ்சுடும். மடிச்ச கோடு, தாளே போட்டுக்கிட்ட மாதிரி இருக்கும்" என்பாள்.

கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு பல்கலைக்கழகம், வலப்பக்கம் இன்னொன்று. கட்டணம், காலம், விடுதி, வேலை வாய்ப்பு என்று வரி வரியாக இறங்கிக் கடைசி வரியை எழுதி முடித்ததும், மூடி கழற்றிய பேனாவை எதிரில் இருப்பவரின் கையில் கொடுப்பாள். "ரெண்டும் நல்ல இடம்தாம்மா. நான் சொல்லக்கூடாது. உங்க மனசுக்குப் பட்டதுல ஒரு டிக் போட்டு வைங்க. தண்ணி பிடிச்சிட்டு வந்துடறேன்."

பாட்டிலோடு திரும்பி வரும்போது டிக் வலப்பக்கத்தில் இருக்கும். எப்போதும் இருக்கும். இடமிருந்து வலமாகப் போகிற கண் அங்கேதான் போய் உட்காருகிறது என்பது ஒரு காரணம். கடைசி வரி இன்னொரு காரணம். இடப்பக்கத்தின் கடைசி வரியில் 'குளிர் சற்று அதிகம்' என்றிருந்தால், வலப்பக்கத்தில் 'ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்' என்றிருக்கும். இரண்டும் பொய் இல்லை. பொய் சொல்வது அந்த அலுவலகத்தில் கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டிருந்தது. முதலாளி அதைப் பலகையில் எழுதியே மாட்டியிருந்தார். எந்தப் பல்கலைக்கழகத்தோடு தனக்குக் கமிஷன் ஒப்பந்தமோ அது வலப்பக்கம் வரவேண்டும் என்பதை மட்டும் அவர் எங்கேயும் எழுதவில்லை.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்த்து அனுப்புகிற இடம். மூன்று மேசை, ஒரு நகல் இயந்திரம், ஒரு உலக உருண்டை. வருகிறவர்கள் எல்லாம் விரல் வைத்துக் காட்டிக் காட்டி, உருண்டையில் சில நாடுகள் வெளுத்துப்போயிருந்தன. பதினோரு வருடத்தில் எழுநூறு பேரை விமானம் ஏற்றி அனுப்பியவள், தான் மட்டும் ஒருமுறைகூட விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டியதில்லை. மாணவர்கள் அவளைப் 'பட்டியலக்கா' என்றார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. முப்பத்து நாலு வயதில் வேறென்ன பட்டம் கையில் இருந்தது? ஒரு பி.காம். அதையும் யாரும் கேட்பதில்லை.

பட்டியல் போடுவதோடு அவள் வேலை முடிவதில்லை. 'நான் ஏன் சட்டம் படிக்க விரும்புகிறேன்' என்று விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை வைக்க வேண்டும். மாணவர் தன் சொந்த அனுபவத்தைத் தானே எழுதவேண்டும் என்பது விதி. மாணவர் சொல்லச் சொல்ல அவள் 'ஒழுங்குபடுத்தி'த் தருவாள் என்பது வழக்கம். சங்கடம் என்னவென்றால், நிறையப் பேரிடம் சொல்வதற்கென்று ஒன்றும் இருக்காது.

எட்டு வருடத்துக்கு முன்பு அப்படி ஒரு பெண் வந்தாள். மார்க் எக்கச்சக்கம், அனுபவம் பூஜ்யம். விண்ணப்பம் போட அன்றைக்குத்தான் கடைசி நாள். "ஏதாவது ஞாபகம் இருக்கும்மா, கோர்ட், வக்கீல், சண்டை?" என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். பட்டியலக்கா வேறு வழியில்லாமல் தன்னுடையதை எடுத்து எழுதினாள்.

அவளுடைய அப்பா நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுகிற சேவகர். வழக்கு எண் சொல்லி, வாசலில் நின்று, கட்சிக்காரர் பெயரை மூன்று தரம் கூப்பிடவேண்டும். மூன்றாவது அழைப்புக்கும் ஆள் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. பள்ளி விடுமுறை நாட்களில் கடைசி பெஞ்சில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்த சிறுமி, ஒருநாள் ஒரு மனிதர் மூச்சிரைக்கப் படியேறி வந்ததைப் பார்த்தாள். மூன்றாவது அழைப்பு முடிந்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. "பஸ் வரலைங்க" என்றார் அவர். அப்பா தரையைப் பார்த்தார். அவ்வளவுதான் சம்பவம். கட்டுரையில் அது முக்கால் பக்கம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. நேர்காணல் குழு அவளுடைய அப்பாவைப் பாராட்டி ஒரு வரி எழுதியிருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா டைல்ஸ் வியாபாரி.

இது நடந்து எட்டு வருடம் கழித்து, ஒரு சாதாரணத் திங்கட்கிழமையில், யாரோ ஒருவருடைய கட்டுரையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது பட்டியலக்காவுக்குத் திடீரென்று கோபம் வந்தது. இத்தனை பேருக்குச் சட்டம் படிக்கக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தவளுக்குத் தனக்கென்று ஒரு காரணம் உண்மையாகவே இருந்தது. ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கு இரண்டு வருடத்தில் சட்டம் சொல்லித்தரும் படிப்பு. தன் பெயரில் ஒரு கோப்பு திறந்து, அலுவலகக் கணக்கிலேயே இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தாள். ஆனால் அப்பாவின் கதையை எழுத முடியவில்லை. காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கிற மென்பொருள் ஒன்று உண்டு. எட்டு வருடத்துக்கு முந்தைய கட்டுரையோடு ஒப்பிட்டு அவளைத் திருடி என்று சொல்லிவிடும். அதனால் தன் பால்யத்தை விட்டுவிட்டு, இல்லாத ஒரு பக்கத்து வீட்டுக்காரரையும் அவருக்கு ஒரு வாடகைத் தகராறையும் உருவாக்கினாள். நன்றாகவே வந்திருந்தது.

இரண்டு இடங்களிலிருந்தும் 'வருக' என்று கடிதம் வந்தது.

ஒன்று, எல்லோருக்கும் பெயர் தெரிந்த பழைய பல்கலைக்கழகம். விளம்பரப் புத்தகத்தின் அட்டையிலேயே மணிக்கூண்டு இருக்கும். அலுவலகத்தில் அதற்குப் பெயரே மணிக்கூண்டு. இன்னொன்று, ஒரு பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் சிமெண்ட் கட்டடத்தில் இயங்குவது. அதற்கு டிப்போ. அலுவலகத்துக்கு ஒப்பந்தம் டிப்போவோடுதான். பதினோரு வருடமாக அவள் வலப்பக்கத்தில் அதிகமாக எழுதிய பெயரும் அதுதான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒன்றை ஏற்கவேண்டும். விட்டால் இரண்டும் போய்விடும். வயது வரம்போடு வருகிற உதவித்தொகை இரண்டிலும் இருந்தது. அடுத்த வருடம் அது கிடையாது.

வீட்டில் அப்பா, கணவர், அவள் என்று மூன்று பேர். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் சொன்ன முதல் வார்த்தை, "அப்ப ரெண்டு வருஷம் நானும் மாமாவும் தனியாவா?"

"ஏங்க, நான் எங்கே போறேன்னே இன்னும் முடிவாகலை. அதுக்குள்ள உங்க கவலை உங்களுக்கு."

"நீ எங்கே போனாலும் நான் இங்கதானே இருக்கப்போறேன். காலையில எழுந்தா இவரு என் பேரை மூணு தடவை கூப்பிடுவாரு. பாத்ரூமுக்குள்ள இருந்தாலும் 'ஆஜர்'னு சொல்லணும்."

"சொல்லாட்டி மாப்ளைக்கு டீ தள்ளுபடி" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலை எடுக்காமல்.

அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. படித்துவிட்டு அங்கேயே தங்க அவள் நினைக்கவில்லை. இங்கே திரும்பி வரவேண்டும். அப்பா நின்ற வாசலுக்கு உள்ளே, வக்கீல் பெஞ்சில் உட்காரவேண்டும். அதற்கு, வாங்கும் பட்டம் இங்கே செல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை அப்பாவை வக்கீல்கள் கவுன்சில் ஆபீசுக்கு அனுப்பினாள். அங்கே இருந்த குமாஸ்தா அவருக்குப் பழக்கம். மதியம் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"டிப்போ... டிப்போ... டிப்போ... ஆஜர்!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"மணிக்கூண்டு... மணிக்கூண்டு... மணிக்கூண்டு..." என்று நிறுத்தி, பழைய வழக்கப்படி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து, "ஆஜர் இல்லை" என்றார்.

"அப்பா, தெருவே பாக்குது. உள்ள வந்து சொல்லுங்க."

உள்ளே வந்து விளக்கினார். மணிக்கூண்டின் மூன்று வருடப் பட்டம் கவுன்சில் ஏற்கும் பட்டியலில் உண்டு, இரண்டு வருடப் பட்டம் இல்லை. படித்து வந்தபிறகு இங்கே இன்னொரு வருடமும் ஒரு பரீட்சையும் எழுதவேண்டும். டிப்போவின் இரண்டு வருடப் பட்டம் அப்படியே செல்லும்.

"அப்புறம் என்ன? டிப்போ பட்டனை அமுக்கு" என்றார் கணவர்.

வேறு யாராக இருந்தாலும் அமுக்கியிருப்பார்கள். ஆனால் பதினோரு வருடம் தானே கூவி விற்ற சரக்கை வாங்க யாருக்கு மனசு வரும்? டிப்போவைப் பற்றி நல்லதாக எதைக் கேட்டாலும் அவளுக்குத் தன் குரலே காதில் விழுந்தது. வக்கீல் கவுன்சில் பட்டியலில் அது இருக்கிறது என்றதும்கூட, 'இதை நான் எப்போது கிளப்பிவிட்டேன்?' என்றுதான் முதலில் தோன்றியது. மணிக்கூண்டின் மேல் அவளுக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணமும் அதுதான். அதை அவள் விற்றதில்லை. எப்போதும் இடப்பக்கத்தில், குளிரோடு சேர்த்து, ஓரமாக நிறுத்திவைத்திருந்தாள். தன்னால் இவ்வளவு தூரம் மட்டம்தட்டப்பட்ட இடம் நிச்சயம் உயர்ந்ததாகத்தான் இருக்கவேண்டும்.

புதன்கிழமை மதியம், வெளியாள் ஒருவரின் வார்த்தை வேண்டும் என்று இணையத்தில் தேடினாள். டிப்போவைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். 'மழை பெய்துகொண்டிருந்தது. என்னிடம் குடை இல்லை. வாசல் காவலர் தன் குடையைத் தந்துவிட்டு நனைந்தபடி நின்றார். இந்த இடத்தில் நான் தனியாக இருக்கமாட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.' பட்டியலக்காவுக்குக் கண் கலங்கியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். குடை என்ன நிறம் என்று யோசித்தாள். நீலம். பிடி உடைந்த நீலக் குடை. அது எப்படித் தனக்குத் தெரியும் என்று அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. ஆறு வருடத்துக்கு முன்பு, ஆள் வராத ஒரு மழைக்கால மதியத்தில், கண்ணாடிக் கடைக் காவலர் தந்த குடையைப் பார்த்துக்கொண்டே, அலுவலக வலைத்தளத்துக்காக அதை எழுதியவள் அவள்தான். மற்றவர்கள் அதை எடுத்து எங்கெங்கோ போட்டு, கடைசியில் அது அவளிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

எதிர் மேசையில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், அழுவுறீங்க?"

"ஒண்ணுமில்லண்ணே. நல்லா எழுதியிருக்காங்க."

எதிர் மேசைக்காரருக்கு நாற்பத்தைந்து வயது. இன்சூரன்ஸ் விற்றுவிட்டு மூன்று வருடம் முன்பு இங்கே வந்தவர். அவளிடம்தான் வேலை பழகினார். தாளை மடிப்பது, ஸ்டேப்ளர் முதுகு, தண்ணீர் பாட்டில், 'ரெண்டும் நல்ல இடம்தாம்மா' எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டதால் முதலாளி அவருக்கு ஜெராக்ஸ் என்று பெயர் வைத்திருந்தார். அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

அன்று மாலை முதலாளி தன் அறையிலிருந்து பிஸ்கட் டப்பாவோடு வந்தார். அது அதிசயம். "உன் விஷயம் கேள்விப்பட்டேம்மா. எங்கே வேணா போ, நல்லா படி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எடுத்துக்கோ, க்ரீம் வச்சது." அவள் இரண்டு எடுத்துக்கொண்டாள். மனிதர்களைத் தப்பாக எடைபோட்டுவிட்டோமே என்று வீடு வரைக்கும் வருந்திக்கொண்டே போனாள்.

வியாழக்கிழமை, கடைசியாக ஒரு வழி தோன்றியது. எட்டு வருடத்துக்கு முன்பு அப்பாவை இரவல் வாங்கிப் போனாளே, அந்தப் பெண் டிப்போவில்தான் படித்தாள். அங்கேயே வக்கீலாக இருக்கிறாள். எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டாள்.

"அக்கா! எத்தனை வருஷமாச்சு! அப்பா எப்படி இருக்காரு?"

"எந்த அப்பா?"

"நம்ம அப்பாதான்க்கா. பேர் கூப்பிடுவாரே."

பட்டியலக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள். "நல்லா இருக்காரு. இப்ப வீட்டுல கூப்பிடுறாரு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், உண்மையைச் சொல்லணும். டிப்போ எப்படி?"

"இதை நீங்க என்கிட்ட கேக்குறீங்களா? ஸ்டேஷன்லேருந்து நடந்தே போகலாம்னு சொன்னது யாரு? நடந்தேன்க்கா. பெட்டியோட அம்பது நிமிஷம். வழியெல்லாம் உங்களைத்தான் நினைச்சுக்கிட்டே போனேன்."

"நல்லவிதமாவா?"

"வக்கீலா இருந்துக்கிட்டு அந்த வார்த்தையெல்லாம் இப்ப சொல்லக்கூடாது."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண்ணின் குரல் மாறியது.

"ஆனா நீங்க சொல்லாத ஒண்ணு அங்க இருந்துச்சுக்கா. செவ்வாய்க்கிழமையானா கீழ்த்தளத்துல ஒரு ரூமைத் திறப்பாங்க. வக்கீல் வைக்க வழியில்லாதவங்க வருவாங்க. வீட்டைக் காலி பண்ணுன்னு வந்த லெட்டரைப் பயந்துக்கிட்டுப் பிரிக்காமலே மூணு மாசமா பையில வச்சிருப்பாங்க. நாமதான் பிரிச்சுப் படிச்சுச் சொல்லணும். பின்னாடி ஒரு வக்கீலம்மா நிப்பாங்க. தப்பா சொன்னா தோளைத் தொடுவாங்க. முதல் வருஷம் என் தோளே தேஞ்சுபோச்சு."

"மணிக்கூண்டுல அதெல்லாம் இல்லையா?"

"என் ஃப்ரெண்டு அங்க படிச்சா. ரெண்டு வருஷத்துல அவ பார்த்த கட்சிக்காரங்க எல்லாருமே புத்தகத்துக்குள்ளதான் இருந்தாங்களாம். நல்ல படிப்புதான்க்கா, குறை சொல்லமாட்டேன். ஆனா லேட்டா மூச்சு வாங்கிக்கிட்டு ஓடிவர்ற ஆளு செவ்வாய்க்கிழமை டிப்போவுக்குத்தான் வருவாரு."

"இதை ஏன் நம்ம பட்டியல்ல போடவே இல்ல?"

"பட்டியல் போட்டது நீங்கதானக்கா."

போனை வைத்தபோது அவள் ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டாள். படியிறங்கி வீட்டுக்கு நடக்கும்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. நல்ல வார்த்தை சொல்லும் பழைய மாணவர்களுக்கு வருடா வருடம் அலுவலகம் ஒரு சுவர்க் கடிகாரம் அனுப்புகிறது. அனுப்புகிறவளும் அவளேதான். இந்தப் பெண் வீட்டில் இதுவரை ஐந்தாறு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய எடுத்த முடிவு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, ஜெராக்ஸின் மேசைக்கு எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மாணவர்கள் உட்காரும் நாற்காலி. ஒரு கால் கொஞ்சம் குட்டை என்பது பதினோரு வருடம் கழித்து அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணே, எனக்கு ஒரு பட்டியல் போடுங்க. நான் போட்டா சரியா வரலை. எதை எழுதினாலும் யாரையோ ஏமாத்துற மாதிரியே இருக்கு."

"நானா மேடம்? உங்களுக்கா?"

"நீங்கதான். நான் ஒரு ஸ்டூடண்டுன்னு வச்சுக்கங்க."

ஜெராக்ஸ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தாளை எடுத்தார். மடித்தார். விரலால் நீவி, ஸ்டேப்ளரைக் கவிழ்த்து இழுத்தார். எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பேனாவை அவள் கையில் கொடுத்தார். "ரெண்டும் நல்ல இடம்தாம்மா" என்று தொடங்கி, நாக்கைக் கடித்து, "மேடம்" என்று திருத்திக்கொண்டு, பாட்டிலோடு வெளியே போனார்.

அவள் தாளைப் பார்த்தாள். இடப்பக்கம் டிப்போ. கடைசி வரி: 'பஸ் சத்தம் இருக்கும். வயதில் மூத்த மாணவர்கள் அதிகம்.' வலப்பக்கம் மணிக்கூண்டு. கடைசி வரி: 'நூலக ஜன்னலிலிருந்து ஆறு தெரியும்.'

ஆறு! அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒப்பந்தக் கல்லூரியை இடப்பக்கத்துக்குத் தள்ளி, முதலாளியின் வழக்கத்தையே மீறி, மேடம் பெரிய இடத்தில் படிக்கட்டும் என்று இந்த மனிதர் மணிக்கூண்டை வலப்பக்கம் வைத்திருக்கிறார். தெரிந்தால் வேலை போய்விடும். ஜெராக்ஸ் என்று கூப்பிட்டதற்கெல்லாம் அவள் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள்.

ஆனாலும் வலப்பக்கம் வலப்பக்கம்தான். எழுநூறு பேரை அந்தப் பக்கம் தள்ளிவிட்ட கைக்கு அங்கே போக வரவில்லை. ஆறு தெரிகிற ஜன்னலுக்கு முதுகைக் காட்டி எத்தனை பேர் படித்துக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? பஸ் சத்தத்தை யாரும் அலங்காரத்துக்காக எழுதமாட்டார்கள். பஸ் இருந்தால் ஆள் வந்துசேர முடியும். அவள் இடப்பக்கத்தில் டிக் போட்டாள். நாலு முப்பத்தைந்துக்கு ஏற்புக் கடிதம் போயிற்று.

பாட்டிலோடு வந்த ஜெராக்ஸ் டிக்கைப் பார்த்தார். "ஐயோ மேடம், ஆறு தெரியும்னு போட்டிருந்தேனே" என்றார். முகம் அப்படியே விழுந்துவிட்டது. அவள்தான் அவரைத் தேற்றினாள்.

இரண்டு வருடம் போயிற்று. செவ்வாய்க்கிழமைகள் இருந்தன, அவள் தோளும் தேய்ந்தது. பட்டம் இங்கே செல்லுபடியாயிற்று, ஒரு நாள்கூடக் கூடுதலாக ஆகவில்லை. வக்கீலாகப் பதிவு செய்யப் பழைய விண்ணப்பத்தின் நகல் தேவைப்பட்டதால் கண்ணாடிக் கடைக்கு மேலே ஏறினாள். வாசலில் அவளுடைய புகைப்படத்தைப் பெரிதாக்கி, 'எங்கள் ஊழியரே தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகம்' என்று மாட்டியிருந்தார்கள். அதை அவள் எதிர்பார்த்திருந்தாள்.

ஜெராக்ஸ் அவளுக்காக நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது, இயந்திரத்துக்குப் பின்னால் சுவரில் மரச்சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தெரிந்தது. ஜெராக்ஸுக்கு முதலாளி கையெழுத்திட்டுக் கொடுத்த சிறந்த ஆலோசகர் விருது. 'மிகக் கடினமான சேர்க்கைக்காக' என்று கீழே எழுதி, மாணவரின் கோப்பு எண்ணும் போட்டிருந்தது. கையில் இருந்த நகலிலும் அதே எண்.

"அண்ணே, இது என்னண்ணே?"

அவர் இயந்திரத்தின் மூடியைத் திறந்து உள்ளே எதையோ தேடினார். "முதலாளிதான் சொன்னாரு மேடம், உங்களை நம்ம இடத்துலயே சேத்துடணும்னு. வலப்பக்கம் போட்டா நீங்க தொடவே மாட்டீங்களே. உங்ககிட்ட படிச்சவன், எனக்குத் தெரியாதா?"

அவள் சான்றிதழை இன்னும் கிட்டப்போய்ப் படித்தாள். அதில் இருந்த தேதி அவள் டிக் போட்ட வெள்ளிக்கிழமை இல்லை. அதற்கு முந்தைய புதன், பிஸ்கட் டப்பா வந்த நாள்.